குண்டர் கதையும் சொந்த ஊரும்: பேராக் தமிழர் திரையில் குற்றம்

மலேசியத் தமிழர் நடுவே ஒரு குற்றக்கதைத் தொடரோ படமோ வெளிவந்தால் பழைய கேள்வி ஒன்று உடனே எழுந்துவிடுகிறது. இது பிள்ளைகளைக் கெடுக்கிறதா, இருக்கும் நிலைமையைக் காட்டுகிறதா? கதை நடக்கும் இடம் பார்ப்பவரின் சொந்த ஊராக இருந்தால் கேள்வியின் சூடு இன்னும் கூடும். கோலாலம்பூரில் நடப்பதாகச் சொல்லப்படும் கொலையை ஈப்போக்காரர் செய்தியைப் போலப் பார்த்துவிடலாம். அதே கொலை புந்தோங்கிலோ செம்மோரிலோ சுங்கை சிப்புட்டிலோ நடப்பதாகக் காட்டினால், "இது யார் வீட்டுப் பையன் கதை?" என்று கேட்காமல் இருக்க மாட்டார்.

இந்தக் கேள்விக்குத் தரப்பட்டுவரும் விடைகளை இரண்டு பெரிய தரப்புகளாகப் பிரிக்கலாம். இரண்டும் பல பத்தாண்டுகளாக ஒன்றோடொன்று மோதுகின்றன. இரண்டுமே ஊரைப் பற்றி அதிகம் பேசவில்லை என்பது இக்கட்டுரையின் கருத்து. பேராக் அதற்கு நல்ல சோதனைக்களம். ஈயமும் ரப்பரும் செழித்து ஓய்ந்த மாநிலம் அது. தோட்டத்தை விட்டு நகர ஓரத்துக்கு வந்த தமிழர்கள் அங்கே பெருந்தொகையாக வாழ்கிறார்கள்.

திரைக்கு முன்பே இருந்த கும்பல்

பேராக்கில் கும்பல் சண்டை திரைப்படத்தைவிட மூத்தது. லாருட் பகுதியின் ஈயச் சுரங்கங்களுக்காக கீ ஹின், ஹாய் சான் என்னும் சீன இரகசியச் சங்கங்கள் 1861 முதல் பல சுற்றுகளாக மோதின. அந்தப் போர்களைக் காரணம் காட்டித்தான் ஆங்கிலேயர் 1874 ஜனவரி 20-இல் பங்கோர் ஒப்பந்தத்தின் வழியாகப் பேராக்கின் ஆட்சிக்குள் நுழைந்தார்கள். அதற்கு முன்பே, 1867-இல் பினாங்கில் நடந்த கலவரத்தில் சீனச் சங்கங்களோடு கைகோத்த செங்கொடி, வெண்கொடிக் குழுக்களில் மலாய்க்காரர்களும் இந்திய முஸ்லிம்களும் இருந்தார்கள். நீரிணைக் குடியேற்றங்களில் 1890-இல் நடைமுறைக்கு வந்த சங்கங்கள் சட்டம் இத்தகைய அமைப்புகளைத் தடை செய்தது. லூமியேர் சகோதரர்கள் பாரிசில் கட்டணம் வாங்கிப் படம் காட்டியது 1895-இல்தான்.

இன்றைய தமிழ் இளைஞர் கும்பல்கள் எண்களைப் பெயராக வைத்துக்கொள்ளும் வழக்கமும் அந்தச் சீனச் சங்க மரபிலிருந்து வந்ததாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. 'ரஜினி படம் பார்த்துத்தான் எல்லாம் தொடங்கியது' என்னும் பேச்சை இந்த வரலாற்றின் முன் வைத்துப் பார்த்தால் அது நிற்பது கடினம். கும்பலின் உடல் இங்கேயே உருவானது. உடை, நடை, வசனம் ஆகியவற்றை வேண்டுமானால் சென்னைப் படங்கள் தந்திருக்கலாம்.

முதல் தரப்பு: திரை கெடுக்கிறது

இந்தத் தரப்பின் வேர் வெளிநாட்டில் இருக்கிறது. 1929 முதல் 1932 வரை அமெரிக்காவில் பேன் நிதியத்தின் ஆதரவில், திரைப்படம் சிறுவர்களை என்ன செய்கிறது என்று ஆராய்ந்தார்கள். 1961-இல் ஸ்டான்ஃபோர்டில் ஆல்பர்ட் பண்டூரா ஒரு சோதனை நடத்தினார். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள், பிறகு தாங்களும் அதை அடித்தார்கள். இன்றும் பெற்றோர் கூட்டங்களில் 'பார்த்ததைச் செய்வார்கள்' என்று பேசப்படும்போது, பேசுபவர் அறியாவிட்டாலும், அந்தப் பொம்மைதான் பின்னால் நிற்கிறது.

மலேசியாவில் இந்தத் தரப்புக்குப் பெரும் வலு சேர்த்தது 2013. துப்பாக்கிச் சூடுகள் தொடர்ந்து நடந்த அந்த ஆண்டில் காவல்துறை கும்பல்களுக்கு எதிராகச் சிறப்பு நடவடிக்கையில் இறங்கியது. ஆகஸ்டு இறுதியில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றில் 40,000-க்கும் மேற்பட்டோர் உறுப்பினர்கள் என்றும், பத்தில் ஏழு பேர் இந்தியர்கள் என்றும் அது கூறியது. மக்கள் தொகையில் ஏழு விழுக்காட்டளவே உள்ள சமூகத்துக்கு அது பேரிடி. மேடைகளிலும் நாளேடுகளிலும் காரணம் தேடியபோது தமிழ்த் திரைப்படம் எளிதாகக் கைக்கு அகப்பட்டது.

தணிக்கையும் இதே நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. 2016 ஜூலையில் வெளிவந்த பா. இரஞ்சித்தின் 'கபாலி', மலேசியத் தோட்டத் தொழிலாளர் பின்னணியில் வந்த ஒரு கும்பல் தலைவனின் கதை. மற்ற நாடுகளில் அதன் முடிவு பார்வையாளரின் ஊகத்துக்கு விடப்பட்டது. மலேசியத் திரையரங்குகளிலோ, கபாலி காவல்துறையிடம் சரணடைந்துவிட்டதாக இறுதியில் எழுத்து ஓடியது. இரண்டரை மணி நேரம் ரஜினிகாந்தின் கோட்டையும் கம்பீரத்தையும் பார்த்த இளைஞனை ஒரு வரி எழுத்து திருத்திவிடும் என்று யார் நம்பினார்களோ தெரியவில்லை. குற்றம் வெல்லக் கூடாது என்ற கொள்கை எழுத்தளவில் காப்பாற்றப்பட்டது.

இத்தரப்பின் பலவீனங்களை மூன்று இடங்களில் காணலாம். சோதனைக்கூடத்தில் பொம்மையை அடிப்பதற்கும், தெருவில் பாராங் ஏந்துவதற்கும் இடையே நெடுந்தூரம் இருக்கிறது. அடுத்து, அதே படங்களை அதே வெறியோடு பார்த்த பெண்களும் பெரும்பாலான ஆண்களும் கும்பலில் சேரவில்லை. மூன்றாவது, 2013-இன் எண்ணிக்கை காவல்துறையின் பதிவேட்டிலிருந்து வருவது. யாரைச் சந்தேகிப்பது, எந்தக் குடியிருப்பில் அடிக்கடி சோதனை நடத்துவது என்பவையும் அப்பதிவேட்டின் வடிவத்தைத் தீர்மானிக்கும். எண் பொய் என்பது இதன் பொருளாகாது. ஆனால் ஒரு சமூகத்தின் இயல்பை அளந்த கருவியாக அதைக் கொள்ள முடியாது.

இத்தரப்புக்குள் ஜார்ஜ் கெர்ப்னர் என்னும் ஆய்வாளரின் வாதம் மட்டும் தனியாகக் கவனிக்கத்தக்கது. 1960-களின் பிற்பகுதியிலிருந்து தொலைக்காட்சியை ஆராய்ந்த அவர், நிறையப் பார்ப்பவர்கள் குற்றவாளியாகிறார்கள் என்று சொல்லவில்லை. உலகம் உண்மையில் இருப்பதைவிட ஆபத்தானது என்று நம்பத் தொடங்குகிறார்கள் என்றார். அவர் கருத்துக்கும் மறுப்புகள் உண்டு. வாழும் இடமே ஆபத்தானதாக இருந்தால் அச்சம் திரையிலிருந்து வந்ததா, தெருவிலிருந்து வந்ததா என்று பிரிப்பது கடினம். இருந்தாலும் ஈப்போவுக்கு இந்தக் கோணம் பொருந்துகிறது. கும்பல் தொடர் பார்த்துக் கும்பலில் சேர்ந்தவரைத் தேடிப் பிடிப்பது அரிது. புந்தோங் முகவரியைச் சொன்னதும் எதிரிலிருப்பவரின் முகம் மாறுவது அப்படியொன்றும் அரிதான காட்சி இல்லை. 1972-இல் ஸ்டான்லி கோகன், ஆங்கிலேயக் கடற்கரை ஊர்களில் இளைஞர் மோதல்களைப் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கிய விதத்தை ஆராய்ந்து காட்டியதும் இதைத்தான்: பயத்தைச் சுமக்க ஒரு கூட்டத்தைச் சமூகம் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது.

இரண்டாம் தரப்பு: திரை காட்டுகிறது

இத்தரப்பின் வேர் தோட்டத்தில் இருக்கிறது. 1950-களில் தொடங்கிய தோட்டத் துண்டாடல், பெரிய ரப்பர் தோட்டங்களைச் சிறு துண்டுகளாக்கி விற்றது. வேலையும் லயத்து வீடும் ஒரே நாளில் போயின. அதைத் தடுக்கும் முயற்சியாக சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களின் பங்குப் பணத்தில் தோட்டங்களை வாங்கினார். 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது சுமார் 60,000 இந்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்த் தாமான்களும் தொழிற்பேட்டைகளும் வந்தன. தோட்டத்தில் கோயில், பள்ளி, ஆயாக் கொட்டகை, திடல், கள்ளுக்கடை என நல்லதும் கெட்டதுமாக ஒரு முழு ஊர் இருந்தது. வெளியேறியவர்களுக்குக் கிடைத்தது புறம்போக்கு நிலத்துப் பலகை வீடு, பின்னர் மலிவு விலை அடுக்குமாடி. ஆண்ட்ரூ வில்ஃபோர்ட் 2014-இல் வெளியிட்ட தம் நூலில், தோட்டம் இழந்த தமிழர்களின் மனக்காயத்தையும் அநீதி உணர்வையும் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

இந்த வாதத்தைத் திரையில் மிக வலுவாக வைத்த படைப்பு சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்'. 2015 டிசம்பரில் திரையரங்குக்கு வந்தது. 1990-களின் தொடக்கத்தில், தோட்டத்திலிருந்து பெயர்ந்த ஒரு குடும்பம். அப்போய் என்னும் சிறுவன் கற்பனை மிகுந்தவன், பள்ளிக்கூடத்தில் அடங்காதவன். அப்பா மணியம் அவனை அடித்துத் திருத்தப் பார்க்கிறார். சித்தப்பாக்களில் ஒருவர் போதையிலிருந்து மீளப் போராடுகிறார், இன்னொருவர் கும்பலில் இருக்கிறார். பையனின் கற்பனையை மதிக்க வீட்டிலும் வகுப்பறையிலும் ஆளில்லை. கும்பலில் இருப்பவர்கள் அவனைக் கவனிக்கிறார்கள். மணியம் நல்லவர், உழைப்பாளி, மகனை நேசிப்பவர். அவர் கையிலிருக்கும் ஒரே கருவி பிரம்பு என்பதைப் படம் தீர்ப்புச் சொல்லாமல் காட்டுகிறது. குண்டர் படம் என்று நினைத்துப் போனவர்கள் ஒரு தகப்பனின் படத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள் என்றே சொல்லலாம்.

2016-இன் 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், தேசிய மொழியில் அல்லாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கிய ஏற்பாட்டுக்குக் கலைஞர்களிடமிருந்தே கடும் எதிர்ப்பு வந்தது. பிரிவுகள் மாற்றப்பட்டன. இறுதியில் சிறந்த மலேசியப் படம் என்ற விருது 'ஜகாட்'டுக்கே கிடைத்தது. ஒரு தமிழ்ப் படத்தை நாட்டின் படமாக ஏற்பதா என்ற கேள்விக்கு அந்தக் கதையின் கருவே விடையாக அமைந்தது தற்செயலாகவும் இருக்கலாம்.

ஆனால் இந்தத் தரப்பும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதன்று. தோட்டம் இழந்ததால் கும்பல் என்ற விளக்கம் எளிதில் விதியாக மாறிவிடும். அதே லயத்திலிருந்து வந்த பெரும்பாலோர் ஆசிரியர்களாக, தாதியர்களாக, லாரி ஓட்டுநர்களாக, தொழிற்சாலை மேற்பார்வையாளர்களாக வாழ்கிறார்கள். ஒரே காரணம் இத்தனை வேறுபட்ட விளைவுகளைத் தருமானால் நடுவில் வேறு ஏதோ வேலை செய்திருக்க வேண்டும். அடையாள அட்டை இல்லாமை, பாதியில் நின்ற படிப்பு, வட்டி முதலைகளின் பிடி, குடி, போதைப்பொருள் வணிகத்தின் பணம் ஆகியவை ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆராயப்பட வேண்டியவை. 'நிலைமையைக் காட்டுகிறோம்' என்ற சொல் மோசமான தொடர்களுக்கும் கேடயமாகிவிடுகிறது என்பது இன்னொரு குறை. 'ஜகாட்' காட்டியதற்கும், தோள்பட்டையில் டிராகன் பச்சையோடு மெதுவாக நடந்து வருவதைக் காட்டுவதற்கும் வேறுபாடு இருக்கிறது. இரண்டும் யதார்த்தம் என்ற ஒரே பெயரில் விற்கப்படுகின்றன.

ஈப்போ எப்போது ஈப்போவாக இருந்தது?

இரு தரப்பும் விட்டுவைத்த பகுதிக்கு இனி வரலாம். ஈப்போவின் பழைய நகரத் தெருக்கள் உலகத் திரைக்குப் புதியவை அல்ல. 'அன்னா அண்ட் த கிங்' (1999) பேராக்கைச் சயாமாக்கியது. ஆங் லீயின் 'லஸ்ட், காஷன்' (2007) ஈப்போவைப் போர்க்காலச் சீனக் கதைக்கான களமாக்கியது. நகரம் கேட்ட வேடமெல்லாம் போட்டது. சொந்த வேடத்தில் அதைக் கொண்டுவந்த படங்கள் குறைவு. அவற்றில் முதன்மையானது யாஸ்மின் அஹ்மாட்டின் 'செப்பெட்' (2005). அதைக் காதல் படம் என்றே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கதாநாயகன் ஜேசன் திருட்டு விசிடி விற்பவன், அவனுக்கு மேலே ஒரு கும்பல் தலைவன் இருக்கிறான் என்பது பலருக்கு மறந்தே போயிருக்கும். ஈப்போ என்ற பெயரோடு, குற்றத்தை வாழ்க்கையின் ஓரத்தில் சாதாரணமாக வைத்த படம் அது. அதில் எழுந்த சர்ச்சையும் மலாய்ப் பெண்ணும் சீன இளைஞனும் காதலித்ததைப் பற்றியதுதான். கும்பலைப் பற்றி யாரும் பெரிதாகக் கோபப்படவில்லை.

தமிழ்க் குற்றக்கதைகளில் ஊர்ப் பெயர் பெரும்பாலும் மங்கலாகவே இருக்கிறது. ஒரு தாமான், ஒரு கோழிச்சண்டைக் கொட்டகை, ஒரு பழைய கிடங்கு என்று எங்கும் நடக்கக்கூடிய இடங்கள். இதற்கு நியாயமான காரணமும் உண்டு. பெயர் சொன்னால் அந்த ஊரில் வீடு தேடுகிறவருக்கும் வேலைக்கு மனுப் போடுகிறவருக்கும் பாதிப்பு வரலாம். தமிழகத்திலும் இதே வழியைக் காணலாம். 2022-இல் வந்த 'சுழல்' தொடர் மயானக் கொள்ளைத் திருவிழாவை அவ்வளவு நுணுக்கமாகக் காட்டியும், கதை நடக்கும் சாம்பலூரைக் கற்பனை ஊராகவே வைத்துக்கொண்டது.

எதிர்த் திசையில் போனவர்களும் உண்டு. 1987-இல் தொடங்கிய 'இன்ஸ்பெக்டர் மோர்ஸ்' தொடர் ஆக்ஸ்ஃபோர்டில் ஏராளமான கொலைகளை நடத்தியும் அந்நகரின் மதிப்பு குறையவில்லை. சுற்றுலாப் பயணிகள் கூடினார்கள். ஆனால் பல நூற்றாண்டுப் புகழுள்ள பல்கலைக்கழக நகரத்துக்குத் தாங்கக்கூடிய கொலைகளைப் புந்தோங்கால் தாங்க முடியுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே நல்ல பெயர் உள்ள ஊருக்குக் குற்றக்கதை ஓர் அணிகலன். கெட்ட பெயர் சுமத்தப்பட்ட ஊருக்கு அது இன்னொரு சுமை. சுற்றுலா வாதத்தைப் பேராக்குக்கு அப்படியே இறக்குமதி செய்ய முடியாது.

பேராக்குக்கு நெருக்கமான ஒப்புமை வேறொரு தொடரில் இருக்கிறது. ஜேம்ஸ் கிரகாம் எழுதி 2022-இல் பிபிசியில் வந்த 'ஷெர்வுட்' நாட்டிங்காம்ஷயரின் முன்னாள் நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் நடப்பது. அவர் வளர்ந்ததே அந்தப் பகுதியில்தான். 2004-இல் அங்கே நடந்த இரு கொலைகள் கதைக்குத் தூண்டுதல். ஆனால் தொடர் உண்மையில் கேட்பது, 1984-85 வேலைநிறுத்தத்தின்போது யார் வேலைக்குப் போனார், யார் மறுத்தார், யார் உளவு சொன்னார் என்பதை. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அண்டை வீட்டார் பேசிக்கொள்ளாத ஊரில் கொலை விசாரணை ஒரு சாக்கு மட்டுமே. தொழில் மூடப்பட்ட ஊரின் ஆறாத கணக்கைத் திறக்க அதைவிட நல்ல சாவி கிடைக்காது.

அத்தகைய கணக்குகள் பேராக்கில் குறைவா? 1948 ஜூன் 16 காலை சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த இரு நாள்களில் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 ஜூலை வரை நீடித்தது. அந்தக் கொலைகளில் ஒன்று நடந்த எல்பில் தோட்டத்தில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்தன. தோட்டத் தொழிற்சங்கங்கள் நசுக்கப்பட்டது, லயங்களைச் சுற்றி முள்வேலி வந்தது, ஒரே குடும்பத்தில் ஒருவர் காட்டுப் பக்கமும் இன்னொருவர் காவல் பக்கமும் நின்றது ஆகிய எல்லாம் அந்தக் காலத்தின் கதைகள். ஒரு குற்றக்கதைத் தொடருக்கு இதைவிடப் பெரிய பின்புலம் வேண்டியதில்லை. நம் திரைக் குண்டர்களுக்கோ பெரும்பாலும் தாத்தாவே இருப்பதில்லை.

திரையில் இல்லாதவர்கள்

குற்றக்கதை என்றால் உலகெங்கும் புலனாய்வாளரே நடுவில் நிற்பார். மலாய்த் தொலைக்காட்சியில் 1999-இல் தொடங்கிய 'கெராக் காஸ்' இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியதும் காவலர்களின் கதையாகத்தான். தமிழ்க் கதைகளில் நடுவில் நிற்பவன் குண்டன். காவலர் கடைசியில் வருவார். இது வெறும் ரசனை வேறுபாடாக இருக்காது. காவல் நிலையத்தைத் தமக்கு நீதி கிடைக்கும் இடமாகக் கற்பனை செய்ய முடியாத சமூகம், புலனாய்வுக் கதையை எப்படி எழுதும்? தடுப்புக்காவல் மரணங்களைப் பற்றிய வேதனை மலேசிய இந்தியரிடையே ஆழமாக இருப்பது இதோடு தொடர்புடையது என்று கருத இடமிருக்கிறது.

பெண்களின் நிலை இன்னும் மோசம். அழும் தாய், காத்திருக்கும் காதலி, இவற்றுக்கு அப்பால் அதிகம் இல்லை. 2014 முதல் 2023 வரை மூன்று பருவங்கள் வந்த 'ஹாப்பி வேலி'யில், யார்க்‌ஷயரின் பழைய ஆலைப் பள்ளத்தாக்கில் போதைப்பொருளைத் துரத்துபவர் ஒரு நடுவயதுப் பெண் சார்ஜண்ட். எழுதிய சாலி வெயின்ரைட்டும் அந்தப் பகுதிக்காரர்தான். கொல்லப்பட்டவனின் குடும்பம் அடுத்த தீபாவளியை எப்படிக் கழித்தது என்று காட்டும் ஒரு தமிழ்த் தொடர், அறிவுரை மேடைகள் எல்லாவற்றையும்விட அதிகம் செய்யக்கூடும்.

மதிப்பீடும் மிச்சமும்

கிடைக்கும் சான்றுகளை நிறுத்துப் பார்த்தால், திரை கும்பலை உருவாக்குகிறது என்ற வாதம் பலவீனமானது. பாணியையும் அச்சத்தையும் முத்திரையையும் அது பரப்பக்கூடும் என்பது நம்பத்தக்கது. திரை வெறும் கண்ணாடி என்ற வாதம் வரலாற்றளவில் வலுவானது. ஆனால் எந்தப் படைப்பு உண்மையாகக் காட்டுகிறது, எது அலங்கரிக்கிறது என்று பிரித்தறிய அது உதவாது. அந்த வேறுபாட்டைக் காண இடமும் காலமும் ஓர் அளவுகோலாகலாம் என்பது இக்கட்டுரையின் துணிபு. எந்தத் தோட்டத்திலிருந்து வந்தான், எந்த ஆண்டில், எதனால் என்று சொல்லக்கூடிய கதையில் குண்டனை வீரனாக்குவது கடினம். அவனைப் பிறவிக் குற்றவாளி என்று தள்ளுவதும் கடினம்.

ஊர்ப் பெயரை அப்படியே சொல்ல வேண்டுமா, மாற்ற வேண்டுமா என்பதற்குப் பொது விடை இல்லை. 'ஷெர்வுட்' போல நடந்ததைத் தழுவி எழுதும்போது உயிரோடு இருக்கும் குடும்பங்களின் துயரம் ஒரு பக்கம், ஊரின் மறதி இன்னொரு பக்கம். எது கனமானது என்பதை அந்தந்த ஊராரிடம் கேட்டே அறிய வேண்டும். 1973-இல் ஸ்டூவர்ட் ஹால் சொன்னதுபோல, படைத்தவர் வைத்த பொருளைப் பார்ப்பவர் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. ஏற்பார், பேரம் பேசுவார், எதிர்த்தும் படிப்பார். புந்தோங் அடுக்குமாடியில் இருக்கும் பதினைந்து வயதுப் பையன் 'ஜகாட்'டில் அப்போயைப் பார்க்கிறானா, சித்தப்பாவைப் பார்க்கிறானா என்பதை ஹாலின் கோட்பாட்டைக் கொண்டே ஊகித்துவிட முடியாது. பேராக்கிலேயே தஞ்சோங் மாலிமில் தமிழாசிரியர்களை உருவாக்கும் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமும், கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. அங்கே ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் அந்தப் பையனிடமும் அவன் அக்காவிடமும் போய்க் கேட்கட்டும்.